முதுமையில் நினைவும் உணவும்

ஊரிலுள்ள உறவினர் அனைவரின் பிறந்த நட்சத்திரங்களையும் நாவின் நுனியில் வைத்திருந்த ஒரு மூதாட்டி, ஒருநாள் கறிக்கு இருமுறை உப்பிடுகின்றார். மறுவாரம் அடுப்பிற் பாலை வைத்துவிட்டு முற்றத்திற்குச் சென்றவர், அதனை அறவே மறந்துவிடுகின்றார். சில மாதங்களின் பின்னர் பேரப்பிள்ளையின் பெயர் அவர் வாயில் வர மறுக்கின்றது. வீட்டார் ஒருவரை ஒருவர் நோக்கி, “வயது போனால் அப்படித்தான்” என்கின்றனர். அந்த ஒரு சொற்றொடரோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. தலை நரைப்பதையும் தோல் திரைவதையும் போல மறதியும் முதுமையின் இயல்பென ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. ஆயின், இம்முடிவு எப்பொழுதும் சரியானதன்று. சில வேளைகளில் அது, மீளக்கூடிய ஒருவரை மீளாதவராக ஆக்கிவிடும் முடிவாகவும் அமைந்துவிடுகின்றது.

முதுமையிற் காணப்படும் மறதி ஒரே வகையினதன்று; அதனை மூன்றாகப் பகுத்து நோக்குதல் நன்று. முதலாவது, இயல்பான தாமதம். பெயர் உடனே நினைவிற்கு வாராது. சற்றுப் பொறுத்தால் தானே வந்துவிடும். இதனால் அன்றாட வாழ்வு கெடுவதில்லை. இரண்டாவது, மூளையின் கலங்கள் படிப்படியாக அழிவதால் உண்டாகும் மறதிநோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் எடுத்து விளக்கிய, அவர் பெயராலேயே இன்று வழங்கப்படும் நோய் இவ்வகையைச் சார்ந்தது. மூன்றாவது, உடலிற் சேரவேண்டிய ஏதோவொரு சத்துச் சேராமையால் வரும் மறதி. முதலாவதற்கு மருந்து வேண்டியதில்லை. இரண்டாவதை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. மூன்றாவதையோ காலத்தே கண்டறிந்தாற் பெரும்பாலும் திருத்திவிடலாம். “வயது போனால் அப்படித்தான்” என்னும் சொல், இம்மூன்றாவது வகையினரையும் மற்றவர்களோடு சேர்த்து மூலையில் இருத்திவிடுகின்றது. ஆதலின் உணவுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பை அறிதல் ஒவ்வொரு குடும்பத்தாருக்கும் அவசியமாகின்றது.

மூளை, உடலின் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கே ஆகும். ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும் வேளையிற் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது பங்கை அதுவே எடுத்துக்கொள்கின்றது. உறக்கத்திலும் அதன் தொழில் நிற்பதில்லை. தசை தனக்கு வேண்டிய வெல்லத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மூளைக்கு அத்தகைய களஞ்சியம் இல்லையென்றே கூறலாம். குருதி கொண்டுவரும் குளுக்கோசையும் ஒட்சிசனையும் நம்பியே அது கணந்தோறும் இயங்குகின்றது. எனவே, மூளைக்கு உணவளித்தல் என்பது இருவகைப் பணியாகும். வேண்டிய சத்துக்கள் குருதியிற் சேருதல் ஒன்று. அக்குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபடாமலும் தடிப்புறாமலும் இருத்தல் மற்றொன்று. வயலுக்கு நீர் வேண்டும். அந்நீர் செல்ல வாய்க்காலும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

சத்துக் குறைவு நரம்பையும் மூளையையும் தாக்கும் என்பதை உலகம் அறிந்த வரலாறு சோற்றிலிருந்தே தொடங்குகின்றது. பெரிபெரி என்னும் நோய் ஆசிய நாடுகளில் ஒருகாலத்திற் பல்லாயிரவரை மாய்த்தது. அப்பெயரே, ‘இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்ததெனக் கூறுவர். 1890ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த பத்தாவியா நகரிற் கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் மருத்துவர் இந்நோயை ஆராய்ந்து வந்தார். வைத்தியசாலையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. அச்சோறு நிறுத்தப்பட்டுத் தீட்டாத அரிசி கொடுக்கப்பட்டபொழுது அவை எழுந்து நடந்தன. அரிசியின் தவிட்டிலேயே உயிருக்கு இன்றியமையாத ஒரு பொருள் உண்டு என்பதை அவருக்குப் பின் ஆய்வு நடத்திய கெரிற் கிறைன்ஸ் 1901ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அப்பொருளே தயமின் எனப்படும் விற்றமின் பி ஒன்று. எய்க்மானுக்கு 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

இந்தத் தயமின் மிகக் குறைந்தால் கால்கள் மட்டுமன்றி நினைவும் தளரும். குழப்பமும், கண்ணசைவிற் கோளாறும், நடையில் தள்ளாட்டமும் தோன்றும் நிலையை வேர்ணிக்கே என்பவர் 1881ஆம் ஆண்டில் விவரித்தார். அண்மைக்கால நிகழ்ச்சிகள் மனதிற் பதியாது போகும் நிலையை உருசிய மருத்துவர் கொர்சக்கோவ் 1887ஆம் ஆண்டில் விவரித்தார். மிகுந்த மதுப்பழக்கம் உடையோரிடமும், நெடுநாள் உணவின்றி அல்லது வாந்தியினால் நலிந்தோரிடமும் இவை இன்றும் காணப்படுகின்றன. இதனை எண்ணும்போது யாழ்ப்பாணத்து அடுக்களையின் ஒரு பழைய வழக்கம் தனிச்சிறப்புப் பெறுகின்றது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குற்றும்போது, தவிட்டிலுள்ள தயமினின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்றுவிடுகின்றது. ஆகவே புழுங்கல் அரிசி, தீட்டிய பச்சையரிசியிலும் சத்துடையது. ஆனால், அதனையும் பலமுறை கழுவி, வடித்த கஞ்சியையும் கொட்டிவிட்டால் வந்த சத்து வந்த வழியே போய்விடும்.

முதியோரைப் பொறுத்தவரையில் தயமினிலும் அடிக்கடி குறைவுபடுவது விற்றமின் பி பன்னிரண்டு ஆகும். முன்னொரு காலத்தில், குருதி வெளிறி நாவு புண்ணாகிக் கைகால் மரத்து நோயாளியைக் கொன்றே தீரும் ஒருவகைச் சோகை நோய் இருந்தது. ஈரலை உணவாகக் கொடுத்தால் அந்நோய் தணியும் என அமெரிக்க மருத்துவர்களான ஜோர்ஜ் மைனொற்றும் வில்லியம் மேர்பியும் 1926ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஈரலிலுள்ள அந்த அரும்பொருள் 1948ஆம் ஆண்டிற் செந்நிறப் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பை டொறதி ஹொட்கின் அம்மையார் 1956ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்தினார். 1964ஆம் ஆண்டில் அவருக்கு இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டப்படும் அளவு இரண்டரை மைக்கிரோகிராமுக்கும் சற்றுக் குறைவானதே. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் இரண்டரைக் கூறுகூட வேண்டியதில்லை. இத்துணைச் சிறிய பொருள் இல்லாதுபோனால் நரம்புகளின் உறை சிதைகின்றது, கால் விறைக்கின்றது, நடை தடுமாறுகின்றது, மனம் மங்குகின்றது.

இச்சத்து முதுமையிற் குறைவதற்குக் காரணம் உணவில் அது இல்லாமை மட்டுமன்று. மீன், முட்டை, இறைச்சி, பால் என்பவற்றிற் பிணைந்து கிடக்கும் அதனைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பின்னர் அதனைக் குடல் உறிஞ்சுவதற்கு இரைப்பையிற் சுரக்கும் வேறொரு பொருளும் துணைசெய்யவேண்டும். வயது ஏற ஏறப் பலருக்கு இரைப்பையின் உட்சுவர் நலிந்து அமிலம் குறைகின்றது. நெஞ்செரிவுக்கென ஆண்டுக்கணக்காக உட்கொள்ளப்படும் அமிலம் குறைக்கும் மாத்திரைகளும், நீரிழிவுக்கு வழங்கப்படும் மெற்போமின் மாத்திரையும் இச்சத்து உடலிற் சேருவதைக் குறைக்கக்கூடியன. அதன்பொருட்டு மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுதல் தவறு. வைத்தியரிடம் கேட்டுக் குருதியைச் சோதித்துக்கொள்வதே முறை. மேலும், ஈரல் இச்சத்தைச் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவிற் சேமித்து வைத்திருக்கும். ஆதலால் குறை தொடங்கிய காலம் ஒன்று. அது வெளிப்படும் காலம் மற்றொன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் எவரும் ஐயுறுவதில்லை.

இங்கே சைவ உணவினரைப் பற்றித் தனித்துக் கூறுதல் வேண்டும். இலங்கைத் தமிழரிடையே முதிய வயதில், சிறப்பாகக் கணவனை இழந்தபின், மச்சத்தை அறவே விலக்கி வாழும் தாய்மார் பலர். விரதங்களும் பெருகும், உணவு சுருங்கும். தாவரங்களில் விற்றமின் பி பன்னிரண்டு நம்பத்தக்க அளவில் இல்லை. பாலும் தயிரும் மோரும் போதிய அளவிற் சேர்ந்தால் ஓரளவு கிடைக்கும். தேநீரிற் கலக்கும் சிறிதளவு பாலை மட்டும் நம்பியிருந்தாற் குறை ஏற்படுவது எளிது. இதற்காக எவரும் தம் நெறியைக் கைவிட வேண்டியதில்லை. இவ்விற்றமினை இயற்கையில் ஆக்குவன நுண்ணுயிர்களே. மருந்துச்சாலைகளிலும் நுண்ணுயிர்களைக் கொண்டே அது ஆக்கப்படுகின்றது. மாத்திரையாகவோ ஊசியாகவோ அதனை ஏற்றுக்கொள்வது எந்த விரதத்துக்கும் மாறானதாகாது. கீரையை நிறைய உண்பதால் இக்குறை தீர்ந்துவிடும் என்றெண்ணுதலும் தவறு. கீரையிலுள்ள போலிக்கமிலம் குருதிச் சோகையை மறைத்துவிடலாம். நரம்பின் சிதைவையோ அது தடுக்காது.

இனி, வாய்க்காலைப் பற்றிய செய்தி. உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் குருதியிற் கொழுப்பு மிகுதலும் மூளையின் நுண்ணிய குழாய்களைக் கெடுக்கின்றன. ‘லான்செற்’ மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, திருத்தக்கூடிய 14 காரணங்களை எடுத்துக்காட்டி, அவை யாவும் நீங்கினால் மறதிநோயில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு தடுக்கப்படலாம் அல்லது பிற்போடப்படலாம் என மதிப்பிட்டது. அக்காரணங்களில் மேற்கூறிய மூன்றும் உள்ளன. புகைத்தல், மிகு மது, உடலுழைப்பின்மை, செவிப்புலன் குறைதல், தனிமை என்பனவும் உள்ளன. உணவினால் மட்டும் எல்லாம் ஆகாது என்பதும், உணவின்றி எதுவும் ஆகாது என்பதும் இதனாற் புலனாகும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கின்றது. அஃது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்பன சோற்றுக்குச் சுவை கூட்டுவன. ஆனால், அன்றைய உப்பு முழுவதையும் அவையே கொண்டுவந்துவிடலாம்.

எத்தகைய உணவு நினைவைக் காக்கும் என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். மத்தியதரைக் கடலோர மக்களின் உணவில் மரக்கறி, பயறுவகை, தானியம், மீன், கொட்டைகள், ஒலிவ எண்ணெய் என்பன மிகுதி. இறைச்சியும் இனிப்பும் குறைவு. ஸ்பானிய நாட்டில் நடைபெற்ற ஆய்வொன்றின் பகுதியாக 2015ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவில், ஒலிவ எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்து இவ்வுணவை உண்ட முதியோரின் அறிவாற்றல் மற்றவர்களினதிலும் நன்றாகப் பேணப்பட்டிருந்தது. அதே ஆண்டிற் பின்லாந்திலிருந்து மற்றொரு செய்தி வந்தது. 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரைக் கொண்டு இரண்டு ஆண்டுகள் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, குருதியமுக்கம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கும் ஒருங்கே கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்கள் ஓரளவு முன்னேற்றம் கண்டனர்.

ஆயினும் மிகைபடக் கூறுதல் ஆகாது. மூளைக்கெனவே வகுக்கப்பட்ட ஓர் உணவுத் திட்டத்தை அமெரிக்காவில் 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் சோதித்து, 2023ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இரு குழுவினருக்கும் உணவை அளவோடு குறைத்து உண்ணுமாறு அறிவுரை கூறப்பட்டிருந்தது. இரு குழுவினரும் சிறிது முன்னேறினர்; ஆனால் ஒரு குழுவுக்கும் மற்றக் குழுவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நல்லுணவு மந்திரமன்று. மூன்றாண்டிற் பலன் கேட்டு நிற்பதிலும், நடுவயதிலேயே தொடங்கி நீண்டகாலம் பழகுவதே அறிவுடைமை.

இவ்வாராய்ச்சிகளைக் கேட்டு இலங்கையிலுள்ள ஒருவர் விலையுயர்ந்த ஒலிவ எண்ணெயைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிறநாட்டு உணவின் பெயரைவிட அதன் நெறியே முக்கியம். தீட்டாத தானியத்துக்குக் குரக்கனும் சிவப்பரிசியும் உள்ளன. பயறும் கடலையும் உழுந்தும் கௌபியும் புரதம் தருவன. சூடையும் சாளையும் நெத்தலியும் மலிவான மீன்கள். மூளையின் கலங்களை ஆக்கும் ஒமேகா மூன்று கொழுப்புகள் அவற்றில் மிகுதி. முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வேலியோரத்திலேயே கிடைப்பன. எள்ளும் கச்சானும் கொட்டை வகைக்கு ஈடாவன. ஒடியற் கூழை எடுத்துக்கொண்டால், ஒரே பானையில் மீனும், இறாலும், முருங்கையிலையும், பயற்றங்காயும், பலாக்கொட்டையும் ஒன்றுகூடுகின்றன. உப்பை மட்டும் அளந்திட்டால், பெரிய ஆய்வுகள் கூறும் நெறிக்கு அது வெகு தொலைவிலில்லை.

வல்லாரையைப் பற்றி ஒரு சொல். நினைவுக்கு வல்லாரை என்பது சித்த மருத்துவத்திலும் ஆயுள்வேதத்திலும் நெடுங்கால நம்பிக்கை. சிங்கள மக்களும் இதனைக் கொட்டுக்கொல எனப் போற்றி உண்பர். மனிதரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் சிறியன; உறுதியான முடிவைத் தரத்தக்க வலிமை அவற்றுக்கில்லை. ஆனால் வல்லாரைச் சம்பல் ஒரு நல்ல இலைக்கறி. சோற்றோடு உண்பதிற் பழுதில்லை. அதனையே மருந்தாகக் கொண்டு வைத்தியரைக் காணாது காலங்கடத்துவதே பழுது. தேங்காயெண்ணெய் மறதியை நீக்கும் என்னும் பேச்சுக்கும் தக்க சான்றில்லை. மாத்திரைகளின் நிலையும் இதுவே. குறைபாடு இல்லாதவர்கள் மறதியைத் தடுப்பதற்கென பி விற்றமின், ஈ விற்றமின், மீனெண்ணெய் முதலியவற்றை உட்கொள்வதை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிற் பரிந்துரைக்க மறுத்தது. பல விற்றமின்கள் கலந்த மாத்திரை சிறிது நன்மை செய்யலாமென 2023ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆயினும் அது உணவுக்கு மாற்றாகாது.

இவ்வளவும் எந்த உணவு நல்லது என்பது பற்றியது. முதியவர் உண்மையில் என்ன உண்கின்றார் என்பதோ வேறொரு கேள்வி. பற்கள் விழுந்தபின் கடலையும் இறைச்சியும் கைவிடப்படுகின்றன. கண் மங்கியபின் மீனின் முள் அச்சந்தருகின்றது. மூட்டு வலித்தால் சந்தைக்குப் போவது நின்றுவிடுகின்றது. பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, பெரிய வீட்டில் ஒருவராக வாழ்பவர் தமக்கென அடுப்பு மூட்ட மனமின்றி, பாணும் தேநீரும் விசுக்கோத்துமாகப் பொழுதைக் கழிக்கின்றார். பசி ஆறுகின்றது, உடலோ பட்டினி கிடக்கின்றது. ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது முதல் அறுபது கிராம் புரதம் வேண்டுமென நிபுணர் கூறுவர். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் வைத்தியரின் சொற்படி நடத்தல் வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராமே உண்டு. பாணும் தேநீரும் இத்தேவையை எங்ஙனம் நிறைவு செய்யும்?

நீரும் உணவே. முதுமையில் தாக உணர்ச்சி குன்றுகின்றது. இரவில் எழும்ப வேண்டுமென்ற அச்சத்தாற் பலர் நீரைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர். வெப்பமான நாட்களில் உடல் வறண்டால் மனம் குழம்பும், பேச்சுத் தடுமாறும். அவ்வாறே, நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தவர் உணவைத் தவறவிட்டாற் குருதியில் வெல்லம் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் குழப்பமும் தோன்றலாம். விரத நாளில் மருந்தை எவ்வாறு கொள்வது என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறிதல் கடமை.

ஒருநாள் உணவை எளிதாக இவ்வாறு அமைக்கலாம். காலையிற் குரக்கன் பிட்டு அல்லது சிவப்பரிசி இடியப்பம், அதனோடு பயற்றங்கறி அல்லது அவித்த முட்டை. முற்பகலில் ஒரு கோப்பை மோர், ஒரு பழம். மதியத்திற் புழுங்கல் அரிசிச் சோறு அளவாக. பருப்பு, இலைக்கறி, வேறொரு மரக்கறி, முள் நீக்கிய சிறுமீன். சைவ உணவினருக்கு மீனுக்குப் பதிலாகத் தயிரும் கடலையும். மாலையில் மசித்த பயறு அல்லது எள்ளுருண்டை ஒன்று. இரவில் மென்மையான உழுந்தங்களி அல்லது தோசை, காய்ச்சிய பால். பல்லில்லாதவருக்கு எதனையும் மசித்துக் கொடுக்கலாம். மசித்தாற் சத்துக் குறைவதில்லை. நீரிழிவுள்ளோர் இனிப்பையும் மாவின் அளவையும் குறைத்தல் வேண்டும்.

எப்பொழுது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. குழப்பம் சில மணித்தியாலங்களிலோ நாட்களிலோ திடீரெனத் தோன்றினால், அது தொற்றாகவோ நீர்வறட்சியாகவோ பாரிசவாதமாகவோ இருக்கலாம், தாமதம் கூடாது. பல மாதங்களாக மெல்ல வளர்ந்த மறதியோடு கால் விறைப்பு, நாவுப் புண், வெளிறல், தளர்ந்த நடை என்பன சேர்ந்திருந்தால் விற்றமின் பி பன்னிரண்டின் அளவையும் தைரொயிட்டுச் சுரப்பியின் நிலையையும் குருதியிற் சோதிக்குமாறு கேட்டல் வேண்டும். குறை நெடுங்காலம் நீடித்தால் சிதைந்த நரம்பு முற்றாக மீள்வதில்லை. ஆதலின் சோதனை எவ்வளவு முந்துகின்றதோ அவ்வளவு நன்மை.

கடலுக்கு அப்பாலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்து, “அம்மா, சாப்பிட்டியளோ?” எனக் கேட்கின்றான். “ஓம் தம்பி, சாப்பிட்டன்” என்னும் விடை வருகின்றது. அது பொய்யன்று, ஆயினும் அதில் உண்மை முழுவதும் இல்லை. “இண்டைக்கு என்ன கறி?” என மேலும் ஒரு கேள்வி கேட்டால் உண்மை வெளிப்படும். அண்டை வீட்டார் வாரம் இருமுறை அவரைத் தம்மோடு இருந்து உண்ணும்படி அழைத்தால் உணவும் கூடும், பேச்சும் கூடும். இரண்டும் நினைவுக்கு நல்லன. கறிக்கு இருமுறை உப்பிட்ட அந்த மூதாட்டியின் மறதி மாற்றவியலாத நோயாகவும் இருக்கலாம். ஒரு சில ஊசிகளாலும் ஒழுங்கான உணவாலும் நீங்கும் குறையாகவும் இருக்கலாம். எது என்பதை வயது சொல்லாது, சோதனையே சொல்லும். அதுவரை, “வயது போனால் அப்படித்தான்” என்னும் தீர்ப்பை எவரும் வழங்காதிருப்பாராக.